‘பெரிய கொசு’ என்று ஒன்று இல்லை

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். பவானியில், காலிங்கராயன் வாய்க்காலுக்குக் கூப்பிடு தூரத்தில் அத்தை வீடு. ஆசாரத்தில் டியூப்லைட் போட்ட கால் மணி நேரத்துக்குள் ஈசல் வந்தது, வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி வந்தது, அதன்பின் சுவரில் மோதி மோதித் தடுமாறிக்கொண்டு அது வந்தது. உடம்பு அரை விரல் நீளம்கூட இல்லை. கால்கள் மட்டும் உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். நேற்றுத்தான் பறக்கக் கற்றுக்கொண்டதுபோல் ஒரு பறத்தல்.

“இத்தாச்சோட்டுக் கொசு கடிச்சா என்னத்துக்கு ஆவறது கண்ணு?” என்று அத்தை சீமாற்றை எடுத்தார். அடி பாதிதான் விழுந்தது. பூச்சி எழும்பிப் போய்க் காலண்டர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. அடி விழுந்த இடத்தில் இரண்டு கால்கள் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மீதி நான்கு காலோடு, ஒன்றும் நடக்காததுபோல் அது காலண்டரில் இருந்தது. நான் பையிலிருந்து கைலென்ஸை எடுத்தேன்.

அத்தைக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இது ‘பெரிய கொசு’தான். ஆங்கிலேயர் நாரையின் காலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் அப்படிப் பெயர் வைக்கும் அளவுக்கு இதை மதித்ததில்லை. இந்த அத்தியாயத்தில் இதைக் ‘கொக்கு ஈ’ என்றே அழைக்கப்போகிறேன். நம் வயலில் நிற்பது கொக்குதானே.

கொசுவையும் கொக்கு ஈயையும் பிரிக்க முதலில் வாயைப் பார்க்க வேண்டும். கொசுவுக்கு ஊசி உண்டு, இதற்கு இல்லை. குத்தி இரத்தம் உறிஞ்ச இதனிடம் கருவியே கிடையாது. வளர்ந்த பூச்சியின் ஆயுள் பெரும்பாலும் சில நாள்கள். அதற்குள் கொஞ்சம் தண்ணீர், கிடைத்தால் பூந்தேன், அவ்வளவுதான் சாப்பாடு. பல இனங்களுக்கு அதுவும் இல்லை. பெண் பூச்சியின் வால் நுனி கூராக இருப்பதைப் பார்த்துக் கொடுக்கு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது ஈர மண்ணில் முட்டையைச் செருகுவதற்கான உறுப்பு. ஆணின் வால் நுனி மழுங்கிக் குறடுபோல் இருக்கும். வெறும் கண்ணிலேயே ஆண், பெண் சொல்லிவிடலாம்.

2018இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து ‘உலகின் மிகப்பெரிய கொசு’ என்று ஒரு படம் உலகம் சுற்றியது. சிறகை விரித்து அளந்தால் 11.15 சென்டிமீட்டர். நம் வாட்ஸ்அப் குழுக்களையும் அது விடவில்லை. படத்தில் இருந்தது ஹோலோருசியா மிகாடோ என்ற கொக்கு ஈ. உலகத்தின் செய்தி நிறுவனங்களும் என் அத்தையும் ஒரே தவற்றைத்தான் செய்திருக்கிறார்கள்.

சரி, காலண்டரில் இருப்பதற்கு வருவோம். லென்ஸை முதுகுக்கு நேராகப் பிடித்தால், சிறகுகளுக்கு நடுவே மார்பின் மேல்புறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வந்து நடுவில் கூராகச் சேரும் கோடு. சின்னப் பையன்கள் உண்டிவில்லுக்கு வெட்டும் கவைக்குச்சியின் வடிவம். கொக்கு ஈக் கூட்டத்தின் அடையாள அட்டை என்றால் இந்தக் கவைக்கோடுதான். இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஈக்களில் பலவற்றுக்குத் தலை உச்சியில் மூன்று சிறு எளிய கண்கள் இருக்கும். கொக்கு ஈக்கு அவை இல்லை. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பறக்கும் ஒரு பூச்சி இதே கால், இதே கவைக்கோடு என்று அச்சாக இருந்தாலும், உச்சியில் அந்த மூன்று கண்கள் இருப்பதால் அதற்குத் தனிக் குடும்பம் கொடுத்துவிட்டார்கள்.

சிறகுக்குப் பின்னால், குண்டூசியை நட்டு வைத்ததுபோல் இரண்டு குமிழ்த் தண்டுகள் நிற்கும். எல்லா ஈக்களுக்கும் பின்சிறகு இப்படித்தான் சுருங்கியிருக்கிறது. ஆனால் வீட்டு ஈயில் அதைக் காண உருப்பெருக்கி வேண்டும். கொக்கு ஈயில் லென்ஸ் இல்லாமலே தெரியும். பறக்கும்போது சிறகு மேலே போனால் இது கீழே, சிறகு கீழே வந்தால் இது மேலே. உடம்பு கொஞ்சம் திரும்பினாலும் அந்த ஆட்டத்தின் தளம் மாற முயலும்; அடித்தண்டில் உள்ள உணர்விகள் அதை உடனே பிடித்துச் சிறகுத் தசைக்குச் சொல்லும். 1938இல் பிரேங்கல், பிரிங்கிள் என்ற இருவர் இதை நிறுவினார்கள். கைப்பேசி தான் திரும்புவதை உணர்கிறதே, அதற்காக உள்ளே இருக்கும் அதிர்வுச் சில்லும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. இவ்வளவு நல்ல கருவி இருந்தும் ஏன் இப்படித் தள்ளாடுகிறது என்று கேட்காதீர்கள். கருவி சரிதான், வண்டிதான் இலேசு.

சுவரில் விட்டுப்போன கால்களுக்கும் கணக்கு உண்டு. தொடை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, முறிவதற்கென்றே அமைந்த ஒரு மூட்டு இருக்கிறது. பல்லியோ சிலந்தியோ காலைப் பிடித்தால் கால் அதன் வாயோடு போகும், பூச்சி தன் வழியே போகும். பல்லி வால்போல் இது மறுபடி முளைக்காது. முளைக்க நேரமும் இல்லை, இருப்பதே சில நாள் வாழ்க்கை. இந்த வித்தையின் உச்சத்தைப் பனிநாட்டில் பார்க்கலாம். கியோனியா என்ற பேரினத்துக்குச் சிறகே கிடையாது. உறைந்த பனிமேல் சிலந்திபோல் நடந்து திரியும். ஒரு காலில் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கினால், உறைவு உடம்புக்குள் ஏறுமுன் அந்தக் காலைத் தானே கழற்றி எறிந்துவிடும். 2023இல்தான் இது வெளிவந்தது.

*

இனி வகைப்பாடு. இங்கேதான் கொக்கு ஈ ஆளைக் கொஞ்சம் படுத்தும்.

1758இல் லின்னேயஸ் ‘டிபூலா’ என்று ஒரு பேரினம் வைத்தார். பழைய லத்தீனில் தண்ணீர்மேல் ஓடும் ஒரு பூச்சியின் பெயர் அது. அதற்குள் உண்மையான கொக்கு ஈக்களோடு, குளத்தோரம் புகையாக ஆடும் கடிக்காத சிறு ஈக்களையும் சேர்த்துப் போட்டார். கொசுவைச் சரியாகத் தனியே எடுத்துவைத்தவர், மற்ற நெடுங்கால் கூட்டத்தையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அந்த மூட்டையை அவிழ்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இன்று கொக்கு ஈக்களில் விவரிக்கப்பட்ட இனங்கள் 15,000க்கு மேல். உலகின் பறவையினங்களைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! பாடநூல்கள் இவற்றை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கும். பெரிய உடம்பும் நீண்ட மூக்கும் கொண்டவை டிபூலிடே. வாயருகே தொங்கும் உணர்நீட்சியின் கடைசிக் கணு இவற்றில் சாட்டைபோல் நீண்டிருக்கும். அந்தக் கணு குட்டையாக இருந்தால் பெரும்பாலும் லிமோனிடே. எண்ணிக்கையில் மொத்தக் கூட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு இதுதான். டிபூலிடே உட்காரும்போது பெரும்பாலும் சிறகை விரித்து வைக்கும், லிமோனிடே முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். ஆனால் இந்த அடையாளத்தை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம். கண்ணின் நுண்பகுதிகளுக்கு இடையே மெல்லிய மயிர் முளைத்திருந்தால் பெடிசிடே. குளிர்ந்த நாடுகளில்தான் இவை அதிகம். நாலாவது சிலிண்ட்ரோட்டோமிடே, நூறு இனம்கூடத் தேறாத சின்னக் குடும்பம். அதன் புழுக்கள் பாசியைத் தின்று, பாசி நிறத்திலேயே, பாசி இலைபோல் முதுகில் துருத்தல்களோடு பாசிக்குள்ளேயே கிடக்கும்.

அத்தை வீட்டுக் காலண்டரில் இருந்தது லிமோனிடே. மங்கிய மஞ்சள் பழுப்பு உடம்பு. சிறகின் நரம்புகளின் ஓரம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், யாரோ தூரிகையை உதறிவிட்டதுபோல். கோனோசியா இரோராட்டா என்பது பெயர். ‘இரோராட்டா’ என்றால் பனித்துளி தெளித்தது. 1828இல் வீடமன் என்ற ஜெர்மானிய மருத்துவர் வைத்த பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவரை பரவிக் கிடக்கும் இனம். நஞ்சை இருக்கும் ஊரில் விளக்குப் போட்டால் வரும்.

*

இந்தியக் கொக்கு ஈக்களை முதலில் நூலாகத் தொகுத்தவர் ஓர் இசைக்காரர். கல்கத்தாவில் இருந்த என்ரிகோ புருனெட்டிக்கு இசை தொழில், ஈக்கள் பித்து. பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூல்வரிசையில் 1912இல் வந்த அவருடைய தொகுதியில் கொக்கு ஈக்களுக்குக் கணிசமான இடம் உண்டு. ஆனால் நம் பக்கத்து மலைகளின் கொக்கு ஈக்கள் அறிவியலுக்குள் வந்த கதை வேறு இரண்டு பேருடையது.

ஒருவர் சூசை நாதன். காரைக்காலுக்கு அருகே குரும்பகரத்துக்காரர். பூச்சி பிடித்து உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்புவதையே தொழிலாகச் செய்தவர். அந்நாளில் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவர் நடந்ததோ பெரும்பாலும் கொங்கு நாட்டைச் சுற்றிய மலைகளில். இன்றும் லண்டனிலோ வாஷிங்டனிலோ ஒரு பூச்சிப் பெட்டியைத் திறந்தால், ஊசியின் அடியில் குத்திய நகத்தளவுச் சீட்டில் நம் ஊர்ப் பெயர்கள் தட்டுப்படும்: கோயம்புத்தூர் 1,400 அடி, வாளையாறு காடு 700 அடி, ஆனைமலை சிங்கோனா 3,500 அடி, நீலகிரி நடுவட்டம், சேரங்கோடு, சிங்காரா. கீழே ‘பி. எஸ். நாதன்’. எத்தனையோ குளவிகளும் ஈக்களும் ‘நாதனி’ என்ற பின்பெயரோடு இருப்பது அவருக்கான மரியாதை. கொக்கு ஈயைப் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும், அதைக் கால் உதிராமல் கடல் தாண்டி அனுப்புவது எப்பேர்ப்பட்ட வேலை என்று. முக்கோணமாக மடித்த காகிதப் பொட்டலத்துக்குள் ஒன்றிரண்டாக வைப்பார்கள். கால் உதிர்ந்தாலும் அதே பொட்டலத்துக்குள்ளேயே கிடக்கும், யாருடைய கால் என்று குழப்பம் வராது. மளிகைக் கடையில் ஏலக்காய் மடித்துத் தருவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பொட்டலம் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூர். அங்கே சார்லஸ் பால் அலெக்சாண்டர் இருந்தார். 1889இல் பிறந்து 1981இல் மறைந்தவர். வாழ்நாளில் அவர் பெயரிட்டு விவரித்த கொக்கு ஈக்கள் 11,000க்கு மேல். எழுதிய கட்டுரைகள் 1,000க்கு மேல். எழுபது ஆண்டு உழைப்பு என்று வைத்து வகுத்துப் பார்த்தேன். ஞாயிறு, தீபாவளி எதுவும் விடாமல், ஏறக்குறைய இரண்டேகால் நாளுக்கு ஒரு புதிய இனம். மனைவி மேபல் கூடவே உழைத்தார். வீட்டுக்கே கொக்கு ஈயின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இமயமலையிலிருந்து பெர்னாண்ட் ஸ்மிட் அனுப்பினார், தெற்கிலிருந்து நாதன் அனுப்பினார். அலெக்சாண்டர் சிறகையும் ஆணின் வால் நுனிக் குறட்டையும் கண்ணாடித் துண்டில் பதித்துப் பார்ப்பார். சிறகு நரம்பின் கிளைப்பு பேரினத்தைச் சொல்லும், குறட்டின் வளைவு இனத்தைச் சொல்லும்.

இவ்வளவு வேகத்தில் செய்தால் தவறு வராதா என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது, ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் விழுந்த இடங்களும் உண்டு. என் வருத்தம் வேறு. அவர் விவரித்தவை பெரும்பாலும் வளர்ந்த பூச்சிகள். அதன் புழு எங்கே வாழ்ந்தது, என்ன தின்றது என்பது பொட்டலத்துக்குள் வரவில்லை. கொக்கு ஈயின் வாழ்க்கையில் பறக்கும் பருவம் கடைசிச் சில நாள்கள்தான். மாதக்கணக்கான மீதி வாழ்க்கை தண்ணீரிலும் சேற்றிலும் மக்கிய மரத்திலும் கழிகிறது. நாம் ஆயிரக்கணக்கான பேருடைய கல்யாணப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

*

அந்த மீதி வாழ்க்கையைப் பார்க்கப் பவானி ஆற்றைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. நீலகிரியின் குளிரில் பிறந்து, கேரளத்துக்குள் போய்த் திரும்பி, மேட்டுப்பாளையத்தில் சமவெளிக்கு வந்து, பவானிசாகரில் தேங்கி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கும் ஆறு. இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த நீளத்தில் கொக்கு ஈப் புழுக்கள் செய்யாத தொழில் இல்லை.

மேலே சோலைக்காட்டில் விழுந்து மக்கிய மரத்துக்குள் செலியோபோரா வளரும். அதன் வளர்ந்த பூச்சி ஆரஞ்சும் கறுப்புமாகக் குளவி வேஷம் போடும்; ஆணுக்குச் சீப்புபோன்ற உணர்கொம்பு. ஓடையின் வேகமான நீரில் கல்லின்மேல் பட்டுநூல் குழாய் கட்டி அந்தோக்கா ஒட்டிக்கொள்ளும். கூழாங்கற்களுக்கு இடையில் ஹெக்சடோமாவின் புழு வேட்டையாடும். இது தன் வாலுக்கு முந்திய கணுவை பலூன்போல் ஊதிக் கற்களுக்கிடையே ஆப்பு அடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் தள்ளும். குன்னூர் மலைப்பாதையில் பாறைமேல் கண்ணாடித்தாள் கனத்தில் வழியும் தண்ணீர் இருக்கிறதே, அந்த மாதிரிப் படலத்திலும் லிமோனிடே புழுக்கள் பாசியை மேய்ந்து காலம் தள்ளும். அங்கேயே நிழலான பாறை இடுக்கில் பார்த்தால், பழைய சிலந்தி நூலில் முன்காலால் தொங்கிக்கொண்டு வரிசையாக ஆடும் கொக்கு ஈக்களைக் காணலாம். சிலந்தியின் வலையில் சிலந்தியின் இரையே வாடகை இல்லாமல் தங்குகிறது. இன்னும் சில வகை, சுவரில் உட்கார்ந்த இடத்திலேயே தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும்.

கீழே வரவரத் தண்ணீர் மெதுவாகிறது, சேறு கூடுகிறது. பவானியில் பிரியும் காலிங்கராயன் வாய்க்கால் 1283இல் முடிந்ததாகச் சொல்வார்கள். பாம்புபோல் வளைந்து வளைந்து 56 மைல் ஓடி நொய்யலைத் தொடுகிறது. எழுநூறு ஆண்டுக்கு மேலாக வற்றாத சேறும் மக்கிய இலையும் புல் வேரும் கொண்ட கரை. கோனோசியா மாதிரி இனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

புழுக்களைப் பூச்சி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கால் இல்லை, கண் தெரியாது, தோல் மாட்டுத்தோல்போல் முரடு. ஆங்கிலத்திலும் இதைத் ‘தோல் சட்டைக்காரன்’ என்றுதான் சொல்கிறார்கள். தோட்டத்து மண்ணில் வாழும் சில டிபூலா இனங்கள் புல்வேரைத் தின்று பாழாக்கும். 1935இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தப் புழுக்கள் புகுந்து ஆடுகளத்தின் புல்லையே அரித்துவிட்டன. மொட்டையாகிப்போன களத்தில் பந்து கன்னாபின்னாவென்று சுழன்றது. தென்னாப்பிரிக்காவின் சுழற்பந்து வீச்சாளர் பலாஸ்கஸ் ஒன்பது விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்கா வென்ற முதல் டெஸ்ட் அது. ஆட்ட நாயகன் விருது அப்போது இருந்திருந்தால் பாதியை மண்ணுக்கடியில் கொடுத்திருக்க வேண்டும்.

ஓடையில் வாழும் புழுக்கள் வேறு வகையில் பயன்படுகின்றன. பிரிட்டனில் 1970களின் இறுதியில், தண்ணீரின் தரத்தை அதில் வாழும் பூச்சிக் குடும்பங்களைக் கொண்டு அளக்க ஒரு மதிப்பெண் முறை செய்தார்கள். அழுக்கைச் சற்றும் தாங்காதவற்றுக்கு 10. கொக்கு ஈக்கு 5. சாக்கடையிலும் வாழும் சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2. ஈரோட்டுப் பக்கம் சாயமும் தோல் கழிவும் கலந்து வாய்க்கால் பட்ட பாட்டை நாம் அறிவோம். அங்கே ஒருமுறை சேற்றை அள்ளி அலசியபோது எனக்குக் கிடைத்தவை எல்லாம் சிவப்புப் புழுக்கள்தாம்.

குடும்பத்துக்கு மதிப்பெண் என்றால், குடும்பம் எது என்று தெரிய வேண்டுமே? 1992இல் செக் நாட்டின் ஸ்டாரி நான்கு குடும்பம் என்று வாதிட்டார், பலர் ஏற்றார்கள். 2010இல் பீட்டர்சனும் கூட்டாளிகளும் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து, பெடிசிடே ஒன்று, மற்றதெல்லாம் சேர்ந்து டிபூலிடே ஒன்று, ஆக இரண்டுதான் என்றார்கள். பிரச்சினை லிமோனிடேயில். அதிலுள்ள சிலவற்றுக்குத் தன் வீட்டுக்காரர்களைவிட டிபூலிடே நெருங்கிய பங்காளி. ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடுவார்களா? ஆனால் நடைமுறையில் பலரும் இன்னும் நான்கையே கையாள்கிறார்கள்; இந்த நூலில் நானும் அப்படியே. பத்தாயிரம் இனத்துக்குமேல் உள்ள ஒரு வீட்டைப் பாகம் பிரிக்க, அதன் உறுப்பினர் எல்லாரையும் முதலில் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். புழுவோடு சேர்த்து.

*

மறுநாள் காலை வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் இறங்கினேன். புல் வேரோடு ஒரு கை சேற்றை அள்ளி, டீ வடிகட்டியில் போட்டுத் தண்ணீரில் அலசினேன். மூன்றாவது அள்ளலில் ஒன்று கிடைத்தது: சுண்டுவிரல் நகத்தைப்போல் இரண்டு மடங்கு நீளம், மண் நிறம். வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டதும் தலையை உடம்புக்குள் இழுத்துக்கொண்டது. கொக்கு ஈப் புழுவின் மண்டை ஓடு பின்பக்கம் முழுமையடையாதது, ஆமைபோல் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரத்தில் மறுமுனை நீர்மட்டத்துக்கு எழுந்தது. மடல்கள் பூப்போல் விரிந்தன. நடுவே இரண்டு கரும்புள்ளிகள், கண்கள்போல். அவை மூச்சுத் துளைகள். மடல்களின் எண்ணிக்கையும் அவற்றின்மேல் உள்ள கறுப்புக் கோலமும்தான் புழு எந்தக் கூட்டம் என்று சொல்லும். டிபூலிடே என்றால் பொதுவாக ஆறு. நான் எண்ணினேன், ஐந்துதான் வந்தது. லிமோனிடேயாக இருக்கலாம்.

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை குனிந்து பார்த்தார். மடல்கள் மூடி, மறுபடி திறந்தன.

“ஏங் கண்ணு, இதா மூஞ்சி? நம்மளையே பாக்குது?”

“இல்லீங்க அத்தை, அது பின்பக்கம். மூஞ்சியை உள்ள இழுத்துக்கிச்சு. நேத்து நீங்க அடிச்சீங்களே, அதோட சொந்தக்காரங்கதான்.”

அத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் தட்டுக்குப் பக்கத்தில், சேறு சொட்டக் கிடந்த பொருளுக்குப் போனது.

“அது நம்ம ஊட்டு டீ வடிகட்டியா?”